ஓவர்சியர் வீட்டுத் தளத்தில் நாலு துரு வட்டம்

மேலூர் தாண்டிவிட்டாராம். சமையலறை ஜன்னல் வழியாகத் தமயந்தி சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மிக்சியைப் போட்டுவிட்டாள். என் மாமனாருக்கு இப்படி ஒரு பழக்கம். பஸ்ஸில் ஏறினால் ஊருக்கு ஊர் போன் செய்து எதுவரை வந்திருக்கிறார் என்று மகளுக்குச் சொல்லிவிடுவார். பொதுப்பணித்துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஓவர்சியராக இருந்தவர், வேலை எதுவரை நடந்திருக்கிறது என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்த வாய் சும்மா இருக்குமா. மேலூர் என்றால் இன்னும் திருப்பத்தூர் இருக்கிறது, திருமயம் இருக்கிறது, அப்புறம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஆட்டோ. மொத்தம் ஒன்றே முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் இருக்காது, டிரைவர் விரட்டுவான், ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். என் முன்னால் நாலு வட்டம். கேட்டிலிருந்து வாசற்படி வரை பதினெட்டு அடிக்கு ஒன்பது அடி சிமெண்ட் தளம், கார் வரும் என்று மாமா ஆசைப்பட்டுப் போட்டது, கார் வரவில்லை, மாப்பிள்ளையாகிய நான்தான் வந்து சேர்ந்தேன், அந்தத் தளத்தில் கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துக் காவி நிறத்தில் நாலு துரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டை. தட்டில் நாலு மெதுவடை வைத்த மாதிரி இருக்கிறது என்று நேற்றுச் சாயங்காலம் முதலில் பார்த்தபோது சிரித்தேன். ஒரு நிமிஷம்தான் சிரித்தேன். பிறகு காலால் தேய்த்தேன், செருப்பால் தேய்த்தேன், தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். ஈரத்தில் வடை இன்னும் நன்றாக வெந்து தெரிந்தது.

இதற்கெல்லாம் காரணம் என் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் நூற்று அறுபத்தெட்டு என்று லேபில் எழுதிக் கொடுத்த அன்று ஸ்டாஃப் ரூமில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பி.டி. சார் ஞானசிகாமணிக்கு இளகிய மனசு, தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த தம்புள்ஸ் கம்பியையும் நாலு இரும்புத் தட்டுகளையும் மறுநாளே ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தட்டு ஒன்று ஐந்து கிலோ. மூன்று நாள் தூக்கினேன். முதல் நாள் கை வலித்தது, இரண்டாம் நாள் முதுகு, மூன்றாம் நாள் தட்டு நழுவிக் கட்டிலின் காலில் விழுந்த சத்தத்தில் தமயந்தி எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணு இது இந்த ரூம்ல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். யோசித்துப் பார்த்துத் தட்டுகளை வெளியே கொண்டுபோனேன். தற்காலிகமாகத்தான். எங்கள் குடும்பத்தில் தற்காலிகம் என்று ஆரம்பித்தது எதுவும் சீக்கிரம் முடிந்ததில்லை. கேட்டை ஒட்டி உள்பக்கமாக வரிசையாக வைத்தேன். மறுநாள் மாமா சின்ன மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மதுரைக்குப் புறப்பட்டுப் போனார், அதற்கு மறுநாள் ஐப்பசி மழை பிடித்தது. இரும்பு நனையக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஊருக்கே பாடம் நடத்துகிறவன், அதனால் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டேன். சாக்கு மழையைக் குடித்து வயிற்றில் வைத்துக்கொண்டு இருபது நாள் தட்டுகளுக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டியிருக்கிறது. மாமா வருகிறாரே என்று நேற்று எடுத்து உள்ளே வைத்தபோதுதான் தெரிந்தது. சாக்கு போடாமல் இருந்திருந்தால் வெயில் அடித்தபோதாவது காய்ந்திருக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று நான் கை வைத்தால் இப்படித்தான் ஆகிறது.

ஓவர்சியர் திட்டுவாரே என்றுதான் பயப்படுகிறேன் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு என் மாமனார் தெட்சிணாமூர்த்தியைத் தெரியாது. அவர் திட்டமாட்டார். அதுதான் என் பயம். இந்தக் கறையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், "பரவால்ல மாப்பிள்ளை" என்பார். பதினான்கு மாதமாக எனக்கு இந்தப் பரவாயில்லை கிடைத்துக்கொண்டிருக்கிறது. தமயந்திக்கு இந்த ஊர் தாலுகா ஆபீசுக்கு மாற்றல் வந்தது, எனக்கும் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் அமைந்தது, மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள், மாமியார் காலமான பிறகு மாமா தனியாக இருக்கிறார், சேர்ந்தே இருந்துவிடலாம் என்று பெட்டி படுக்கையோடு வந்தோம். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பார்கள், நான் பதினான்கு மாதமாக விருந்தாளி. நான் ஹாலுக்குள் நுழைந்தால் மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், எழுபத்துமூன்று வயது. சாப்பிட்ட தட்டை எடுக்க விடமாட்டார். ஒருமுறை துடைப்பத்தைத் தொட்டுவிட்டேன், என்னை ஒன்றும் சொல்லாமல் மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை கையில தொடப்பத்தக் குடுத்தா தெருவுல என்ன பேசுவாங்க" என்றார். வந்த புதிதில் பின்பக்கக் குழாயை அளவுக்கு மீறித் திருகி உடைத்துவிட்டேன். பரவால்ல மாப்பிள்ளை என்றார். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு டக் டக் என்று சத்தம், ஜன்னல் வழியே பார்த்தால் சேற்றில் உட்கார்ந்து ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருக்கிறார். முடித்துவிட்டு எழ முடியாமல் சுவரைப் பிடித்தார், முழங்கால் தேய்ந்த மனிதர். நான் ஓடிப்போய்க் கை கொடுத்தபோது அவருக்கு வெட்கமாகிவிட்டது, "உங்க தூக்கத்தக் கெடுத்துட்டேனே" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இன்னும் தீரவில்லை. இந்த நாலு வட்டத்தையும் அவர் அப்படித்தான் செய்வார். நாளைக்கு விடிகாலையில் இதே இடத்தில் இந்த முழங்கால்களோடு குந்தித் தேய்ப்பார், உள்ளே நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டும். நான் இந்த வீட்டில் இருக்க ஆசைப்படுகிறேன், வந்து தங்கியிருக்க அல்ல. இதை யாரிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அதற்கும் பரவாயில்லை என்பார்.

சரி, வேலையைப் பார். இதில் பெரிய வேடிக்கை, நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக இரும்பு துருப்பிடித்தல் நடத்துகிறேன். ஐந்து மார்க் கேள்வி, ஆணி, மூன்று சோதனைக்குழாய், ஒன்றில் காற்றும் நீரும், ஒன்றில் நீர் மட்டும், ஒன்றில் காற்று மட்டும், படம் வரைந்து பாகம் குறித்தால் ஒரு மார்க் கூட. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சமன்பாட்டைச் சமன் செய்து எழுதுவேன். ஆனால் பிடித்த துருவை எப்படிப் போக்குவது என்று பாடத்தில் இல்லை, இல்லாததை நான் நடத்தியதும் இல்லை, யோசித்ததும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என் அண்ணன் சும்மாவா சொல்கிறான். நேற்று ராத்திரி படுக்கப்போகுமுன் என்ன செய்தேன் தெரியுமா, கறை என்றால் வெளுக்கவேண்டும், வெளுக்க ப்ளீச்சிங் பவுடர், என்று கை நிறைய அள்ளித் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கிவிட்டேன். ப்ளீச்சிங் பவுடர் ஆக்சிஜனைக் கொடுக்கும். துரு என்பதே இரும்பு ஆக்சிஜனைத் தின்றதால் வந்தது. தின்றவனுக்கே மறுபடி இலைபோட்டுப் பரிமாறியிருக்கிறேன். காலையில் வந்து பார்த்தால் காவி போய்ச் செங்கல் நிறம். இப்படி ஒரு பதிலைப் பையன் பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து, பெற்றோரைக் கூட்டிவா என்று எழுதியிருப்பேன். நல்ல வேளையாக முதல் பூசை முடிந்து அடுத்த வீட்டு ரோஸ்மேரி அக்கா வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். காம்பவுண்டு சுவருக்கு மேல் முக்காட்டோடு தலை தெரிந்தது. "என்ன மாப்பிள்ளை சார், தரையில என்ன தேடுறீங்க?" இந்தத் தெருவில் எனக்கு மதியழகன் என்று பெயர் இருப்பது ஒருவருக்கும் தெரியாது, பால்காரரிலிருந்து தபால்காரர் வரை ஓவர்சியர் வீட்டு மாப்பிள்ளை. எட்டிப் பார்த்தார், சிரிக்கவில்லை, அதற்கே அவருக்குச் சொர்க்கம் உண்டு. "இரும்புக் கறையா? வார்டுல இரும்பு டானிக் கொட்டி எங்க வெள்ள யூனிஃபார்மெல்லாம் இப்படித்தான் ஆகும். எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சி கல்லுப்பு போட்டு ஊறவச்சுத் தேய்ப்போம். ப்ளீச்சிங்க மட்டும் போட்டுறாதீங்க, கற பிடிச்சிக்கும்." நான் தலையாட்டினேன். போடுவேனா என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

பன்னிரண்டு எலுமிச்சம்பழம் சமையலறைக் கூடையில் இருக்கிறது. இருந்தது. மாமாவுக்கு ஊறுகாய் போட என்று தமயந்தி நேற்றுச் சந்தையில் ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துப் பார்த்து வாங்கியவை. அவள் கொல்லைப்பக்கம் துணி காயப்போடப் போன நேரமாகப் பார்த்துக் கூடையோடு தூக்கிவந்தேன், கல்லுப்பு ஜாடியையும். நறுக்கிப் பிழிகிறேன். ஒரு வட்டத்துக்கு மூன்று பழம், கணக்கு நேராக வருகிறது. கையில் எங்கோ கீறல் இருந்திருக்கிறது, எரிகிறது, எரியட்டும். கால் மணி நேரம் ஊறவேண்டும் என்று ரோஸ்மேரி அக்கா சொன்னார். உப்பு சாற்றில் கரையக் கரையச் சிமெண்டில் மெல்ல நுரை கட்டுகிறது, அடடா, சிட்ரிக் அமிலம் சிமெண்டில் இருக்கிற கார்பனேட்டைத் தொடுகிறது, இதற்கும் சமன்பாடு எனக்குத் தெரியும். வாசனை மட்டும் பாடத்தில் இல்லாதது, தெருவே எலுமிச்சை சாதம் கிளறுகிற மாதிரி மணக்கிறது. குந்தி உட்கார்ந்து நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தளத்தை நான் முதன்முதலில் பார்த்த நாள் வருகிறது. பெண் பார்க்க வந்த அன்று. நாங்கள் ஏழு பேர் வேனில் வந்து இறங்கினோம், கேட்டில் மாமா நிற்கிறார், வாங்க வாங்க என்று இரண்டு கையையும் கூப்பியவர் உடனே ஒரு கையை நீட்டித் தடுத்துவிட்டார். தளம் போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார். ஓரமாக ஒரு சாரப்பலகை. பட்டுப்புடவை கட்டிய என் அத்தையிலிருந்து வேட்டி கட்டிய நான் வரை ஒருவர் பின் ஒருவராக, சர்க்கஸில் கயிற்றில் நடக்கிற மாதிரி அந்தப் பலகையில் நடந்துதான் வீட்டுக்குள் போனோம். உள்ளே உட்கார்ந்ததும் பெரியப்பா மரியாதைக்கு, "தளம் நல்லா வந்திருக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், போச்சு. ஒன்றுக்கு ரெண்டுக்கு நாலு கலவை, ஆற்றுமணல் சலித்தது, இருபத்தோரு நாள் தண்ணீர் கட்டவேண்டும், மேஸ்திரி ஏழு நாள் போதும் என்றான், அவனை அனுப்பிவிட்டேன், ஒரு நாய்கூட இன்னும் மிதிக்கவில்லை என்று அரைமணி நேரம் பேசினார். பெண்ணைப் பற்றிப் பேச்சு வரவில்லை. உள் அறைக் கதவிடுக்கில் ஒரு பச்சைத் தாவணி சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது தெரிந்தது. அந்தக் குலுங்கலுக்குத்தான் நான் சரி என்று சொன்னேன், இதை இன்றுவரை தமயந்தியிடம் ஒப்புக்கொண்டதில்லை.

திருப்பத்தூர். ஜன்னலிலிருந்து ஊர்ப்பெயர் மட்டும் வருகிறது. துணி தேய்க்கிற பிரஷ்ஷால் முதல் வட்டத்தில் ஆரம்பித்தேன். நாலு தேய்ப்பு, நுரை பழுப்பாகிறது. இன்னும் நாலு. சொம்புத் தண்ணீரை ஊற்றினால், போய்விட்டது. நம்பமுடியாமல் குனிந்து மூக்கு தொடுகிற தூரத்தில் பார்க்கிறேன், போயேபோய்விட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் ப்ளீச்சிங் பவுடரின் புண்ணியத்தால் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அரைமூடிப் பழத்தையே பிரஷ்ஷாக வைத்து உப்போடு தேய்த்தேன், அதுவும் போனது. எனக்கு ஒரே சந்தோஷம். நான் கையால் ஒரு வேலை செய்து அது நடந்து எத்தனை நாளாயிற்று, பல்பு மாற்றினாலே மாமா ஏணியைப் பிடுங்கிக்கொள்கிறார். நாலாவதையும் முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கேட்டுக்கு வெளியே போய், ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி நின்று பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. காயக் காய ஒன்று தெரிய ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருஷத்து வெயிலிலும் மழையிலும் பாசியிலும் கறுத்துப்போன தளத்தில், பளிச்சென்று, நேற்றுப் போட்ட சிமெண்டு மாதிரி நாலு வெள்ளை வட்டம். துருவை மட்டுமா எலுமிச்சை தின்றது, இருபத்திரண்டு வருஷத்து அழுக்கையும் சேர்த்துத் தின்றிருக்கிறது. முன்பாவது பக்கத்தில் வந்தால்தான் துரு என்று தெரியும். இப்போது தெருமுனையிலிருந்தே கூப்பிடுகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்கு நாலு குரங்கு, வரிசையாக.

தமயந்தி வந்து பக்கத்தில் நின்றாள். வெள்ளை வட்டங்களைப் பார்த்தாள், பிழிந்து போட்ட இருபத்துநாலு மூடிகளைப் பார்த்தாள், காலிக் கூடையைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அதே குலுக்கல். "மேல பெரிய கோலமாப் போட்டு மறைச்சிரட்டுமா?" என்றாள். "ஞாயித்துக்கிழம பத்தரை மணிக்கு எதுக்கு இங்க கோலம்னு கேப்பாரே?" என்றேன். "நாலு பூந்தொட்டிய வச்சிரலாம்." "பூந்தொட்டிய ஏன் நகத்துனேன்னு அளந்து பாப்பாரு." அதற்கு அவளும் ஆமாம் என்றாள், அப்பாவைத் தெரிந்தவள். ஒரே வழிதான் இருக்கிறது. நாலு வட்டத்தைக் கறுப்பாக்க முடியாது, ஆகவே மிச்சத்தை வெள்ளையாக்க வேண்டும். நூற்று அறுபத்திரண்டு சதுர அடி. பாத்திரம் விளக்குகிற தூள், பிரஷ், பக்கெட். லுங்கியைத் தூக்கி மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு எதிர்ப்பக்கம், வாசற்படியிலிருந்து ஆரம்பித்தேன். இப்போது யோசனை எல்லாம் பிரஷ் போகிற போக்கில் போய் வருகிறது. மாமா, தம்புள்ஸ், நூற்று அறுபத்தெட்டு. இந்த வேலைக்கே சர்க்கரை இறங்கிவிடும், தட்டுகளை ஞானசிகாமணியிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் அப்பா வீட்டில் நான் என்னவெல்லாம் உடைத்திருக்கிறேன், ரேடியோ, சைக்கிள் செயின் கவர், பக்கத்து வீட்டு ஓடு. ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒன்று விழும், விழுந்ததும் கணக்குத் தீர்ந்து ராத்திரி ஒரே தட்டில் சாப்பிடுவோம். இங்கே எதற்கும் விழுவதில்லை, எதுவும் தீருவதும் இல்லை. குழாய் தீரவில்லை. சாவி கொடுக்கிறேன் என்று நான் கீழே போட்ட சுவர்க்கடிகாரம் தீரவில்லை. திருமயம் என்றது ஜன்னல். பாதித் தளம் கூட ஆகவில்லை. வாசற்படியிலிருந்து நடுவரை வெளுப்பு, கேட்டுப் பக்கம் கறுப்பு, அந்தக் கறுப்பில் நாலு வட்டம், முன்னைவிடக் கேவலம். "எந்திரிங்க" என்று தமயந்தி வெளியே வந்து சொன்னாள், இந்த முறை சிரிக்காமல். "குளிச்சிட்டுச் சட்டயப் போடுங்க. மிச்சத்த நான் தேய்க்கிறேன். அப்பா வந்து உங்கள இப்படிப் பாத்தா என்னத்தான் கேப்பாரு, மாப்பிள்ளைய வேல வாங்குறியான்னு." பிரஷ்ஷைக் கொடுத்துவிடலாம் என்று கை நீண்டது. குளித்து, சட்டை போட்டு, பவுடர் பூசிக்கொண்டு வாசலில் நிற்கலாம். அவள் தேய்த்தாள் என்று இருக்கும், ஊறுகாய் போடும்போது எலுமிச்சைச் சாறு கொட்டிவிட்டது என்று அவளே ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், மகளைக் கொஞ்சம் திட்டுவார், அது அவளுக்குப் பழக்கம், முடிந்துபோகும். நானும் விருந்தாளியாகவே முடிந்துபோவேன். கையை இழுத்துக்கொண்டேன். "நான்தான் வச்சேன். நானே தேய்ச்சிக்கிறேன். நீ உள்ள போ" என்றேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. ரோஸ்மேரி அக்காவின் முக்காடு சுவருக்கு மேல் வந்து, நிலைமையைப் பார்த்து, இறங்கிக்கொண்டது.

ஆட்டோ வந்துவிட்டது. கேட்டிலிருந்து நாலடி இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. நான் எழுந்து நின்றேன், முழங்காலிலிருந்து பாதம் வரை சாம்பல் நிறத்தில் சோப்புத் தண்ணீர் ஓடுகிறது, பனியனில் எலுமிச்சை விதை ஒட்டியிருக்கிறது. பயணப்பையையும் குடையையும் இறக்கிவைத்துவிட்டு மாமா கேட்டைத் திறந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. தளம் ஈரமாக இருந்தால் அவர் கால் வைக்கமாட்டார்.

"மாமா, நான்தான். தம்புள்ஸ் தட்ட இங்க வச்சிட்டேன். மழையில துரு எறங்கிருச்சு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் நாலு வட்டத்தையும் பார்த்தார், வெளுத்த மிச்சத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். அவருடைய வாய் பரவாயில்லைக்குத் திறக்கிற மாதிரி இருந்தது. கடவுளே, வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன், நிஜமாகவே கும்பிடாத குறை. அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். முதல் வட்டத்தில் பெருவிரல் நகத்தால் சுரண்டினார். நகத்தில் வந்த பொடியைப் பார்த்தார்.

"என்னத்த ஊத்துனீங்க?"

"எலுமிச்சம்பழம்."

"எவ்வளவு நேரம்?"

"கால் மணி நேரம். கொஞ்சம் கூடவே இருக்கும்."

"சுத்தமாக் கழுவாம விட்டீங்கன்னா சிமெண்ட அரிச்சிரும். மொதல்லயே இதப் போட்டீங்களா?"

"இல்ல, ராத்திரி ப்ளீச்சிங் பவுடர் போட்டேன்."

மாமா தலையை நிமிர்த்தினார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தை எனக்கு அவர் காட்டியதில்லை, மேஸ்திரிகள் பார்த்திருப்பார்கள்.

"ப்ளீச்சிங் பவுடரா? துருவுக்கா? கெமிஸ்ட்ரிதான சொல்லிக் குடுக்குறீங்க நீங்க? பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குறீங்க?"

"அப்பா," என்று தமயந்தி பதறி ஓடிவந்தாள், "அவரப் போயி…"

"நீ சும்மா இரு. ஒரு செங்கல்லுத் துண்ட அடியில குடுத்து வச்சிருந்தா இந்தப் பாடு உண்டா? படிச்ச மனுசன் செய்யிற வேலையா இது?"

எதிர்வீட்டில் கதவு திறந்தது. தெருவில் போன சைக்கிள் நின்றது. ஓவர்சியர் தன் மாப்பிள்ளையை நடுத்தெரு கேட்கத் திட்டிக்கொண்டிருக்கிறார், நான் கையில் பிரஷ்ஷோடு தலையைக் குனிந்து நிற்கிறேன், சிரித்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. மாமா கம்பியைப் பிடித்து எழ முயன்றார், கையை நீட்டினேன், வெட்கப்படாமல் என் ஈரக் கையைப் பிடித்து எழுந்தார். ஓரமாகச் சுவரை ஒட்டியே நடந்து போய், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நிழலில் போட்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றினார்.

"கேட்டோரம் கெடக்கு பாருங்க. வட்டமாத் தேய்க்காதீங்க, திட்டுத்திட்டாத் தெரியும். நீளவாக்குல தேய்ங்க."

தமயந்தி என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தாள். பழக்கத்தில் முதல் தம்ளர் என் பக்கம் வந்தது. மாமா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"அவரு முடிச்சிட்டுக் குடிப்பாரு" என்றார்.

நான் கேட்டோரமாகக் குந்தி, நீளவாக்கில் தேய்க்க ஆரம்பித்தேன்.